தூசியின் பங்கு

அலுவலகத்தில் அவளுக்குத் தூசி என்று பெயர், அவள் கணவனுக்கு வெடி. வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் தப்பாக வைக்கவில்லை. அவன் வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை ஆராய்கிறவன். அவள் வேறு விண்மீன் மண்டலங்களில், நட்சத்திரங்களுக்கு நடுவே மண்டிக் கிடக்கும் தூசியை ஆராய்கிறவள். இரண்டாவது மாடியில் ஒரே அறை, எதிரெதிர் மேசை, நடுவில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதற்கும் தினம் ஒரு பஞ்சாயத்து.

இப்படி ஒரு பிழைப்பு உண்டென்று சொந்தக்காரர்களை நம்பவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "வீட்டுத் தூசியைத் தட்ட ஆளைக் காணோம், எங்கேயோ இருக்கிற தூசிக்கு ஆராய்ச்சியாம்" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். மாமியார் சொன்னதில் பொய் இல்லை. அலமாரி மேல் விரலால் பெயர் எழுதலாம், அப்படி இருக்கும் வீடு.

வேலை இதுதான். நட்சத்திரத்தின் ஒளி எல்லாப் பக்கமும் அதிர்ந்துகொண்டு வரும். வழியில் தூசிக் கூட்டம் ஒன்றில் புகுந்து, அங்கே துகள்களும் ஒரே வாக்கில் வரிசை கட்டி நின்றால், ஒரு பக்க அதிர்வை மட்டும் அவை கொஞ்சம் கூடுதலாக விழுங்கிவிடும். வந்து சேரும் ஒளி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பாடப் புத்தகத்தில் இதற்குத் தளவிளைவு என்று பெயர். இவர்கள் இருவரும் சாய்வு என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். எந்த நிறத்தில் எவ்வளவு சாய்வு என்று அளந்தால் அந்தத் தூசி எவ்வளவு பொடி என்று சொல்லிவிடலாம். ஆனால் அத்தனை தூரத்துத் தூசிக்குப் பின்னால் போய் விளக்குப் பிடிப்பது யார்? அங்கே ஒரு நட்சத்திரம் வெடித்தால்தான் உண்டு. அதுவும் சில மாதங்களில் மங்கிவிடும்.

வம்பு எங்கே வருகிறதென்றால், நட்சத்திரம் உருண்டையாக வெடிக்காமல் கோணலாக வெடித்தாலும் ஒளி சாய்ந்துதான் வரும். நம் பால்வீதித் தூசியின் பங்கை முதலிலேயே கழித்துவிடுவார்கள், அதில் சண்டை இல்லை. மிச்சத்தில் எது தூசி, எது நட்சத்திரம்? அவள் நட்சத்திரத்தின் பங்கைக் கழித்துப் போட்டுவிட்டுத் தூசியை வைத்துக்கொள்வாள். அவன் தூசியைக் கழித்துப் போட்டுவிட்டு நட்சத்திரத்தை வைத்துக்கொள்வான். ஒருத்தர் குப்பை இன்னொருத்தருக்குச் சொத்து. அந்த வீட்டில் பாகப்பிரிவினை கல்யாணமான நாளிலிருந்தே நடந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் ஒரு நட்சத்திரம் வெடித்தது. சாய்வு என்றால் அப்படி ஒரு சாய்வு, அதுவும் நீல நிறத்தில்தான் அதிகம். தூசிதான் என்றாள் அவள். பொடி ஆக ஆகத்தான் நீலத்தில் சாய்வு கூடும்; நம் பால்வீதித் தூசி மணல் என்றால் அங்கே இருப்பது மாவு. கோணல் வெடிப்பு என்றான் அவன். அதே நேரம் பார்த்து நிறுவனத்தில் நிரந்தர வேலை ஒன்று காலியானது. ஒன்றே ஒன்று. இருவருடைய தற்காலிக வேலையும் வருஷக் கடைசியில் முடிகிறது. இருவரும் விண்ணப்பித்தார்கள், இருவரும் இந்த ஒரே நட்சத்திரத்தை நம்பித்தான். அலுவலகம் முழுக்க வேடிக்கை பார்த்தது.

தீர்ப்புக்கு ஒரு வழி இருந்தது. ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை அளக்க வேண்டும். வெடித்த நட்சத்திரம் விரிய விரிய அதன் சாய்வு மாறும். தூசி ஒரு மாதத்தில் எங்கும் போய்விடாது. எங்கேயோ ஒரு மலை மேலிருக்கும் தொலைநோக்கியில் நேரம் வாங்கினார்கள். ஒரு காலையில் அளவுகள் கணினிக்கு வந்து சேர்ந்தன.

"கணக்கை நீயே போடு" என்றாள் அவள்.

"நானா? ஏன்?"

"நான் போட்டுத் தூசின்னு சொன்னா எவன் நம்புவான்? நீ போட்டுத் தூசின்னு வந்தா ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது."

"நட்சத்திரம்னு வந்தா?"

"வரட்டும். அப்பவும் நீ சொன்னா நான் நம்புவேன்."

அந்த யோசனையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அவன் நாள் கணக்கில் உட்கார்ந்தான். சாப்பிடும்போது பேசவில்லை. மாமியார் இருவருக்கும் சண்டை என்று நினைத்துக்கொண்டு அவளை முறைத்தாள். பிறகு ஒரு நாள் மொட்டைமாடியில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவன் மேலே வந்து, கிளிப் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"அசையல" என்றான்.

"எது?"

"சாய்வு. ரெண்டு தடவையும் ஒண்ணுதான். நானும் எப்படியெல்லாமோ போட்டுப் பாத்துட்டேன். உன் தூசிதான்."

தன் நட்சத்திரத்தைத் தன் கையாலேயே கழித்துப் போட்டுவிட்டு, முகம் கோணாமல் வந்து சொல்கிறான். அவளுக்கு அவன்மேல் அப்போது வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

நேர்முகத்தேர்வில் அவள் தூசியைப் பற்றிச் சொன்னாள். எப்படி இவ்வளவு நிச்சயம் என்று கேட்டார்கள். கணக்குப் போட்டது என் எதிராளி என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து அவன் உள்ளே போய்க் கணக்கை விளக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இயக்குநரிடமிருந்து அவனுக்குப் போன் வந்தது. அவன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுச் சமையல் மேடைமேல் வைத்தாள்.

"வாழ்த்துகள்! வேலை உங்களுக்குத்தான். தூசியோட பங்கை எவ்வளவு சுத்தமாப் பிரிச்சுக் காட்டினீங்க! அதுவும் உங்களுக்கே எதிரா. அந்த நேர்மை கமிட்டிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மேடத்துக்கும் நீங்களே சொல்லிடுங்க, நான் தனியா வேற போன் பண்ணலை."

மாமியார் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருக்குக் கிடைச்சா என்ன, சம்பளம் ஒரே வீட்டுக்குத்தானே வருது."

அவளுக்குக் காது மடல் சுட்டது. தூசி அவளுடையது. மாவு என்று முதலில் சொன்னவள் அவள். கணக்கை அவனிடம் கொடுத்த யோசனைகூட அவளுடையதுதான், அதற்குத்தான் இப்போது அவனுக்கு வேலை. யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம் மாதிரி ஒரு அவஸ்தை வேறு இல்லை.

அவன் குழாயை மூடினான். "இது உன்னோடது. எனக்கு வேண்டாம்னு சொல்லிடுறேன்."

அவள் கேட்காமலே சொல்லிவிட்டான். அதற்காக அவனைக் கும்பிடலாம்தான். ஆனால் சொன்ன பிறகும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வை அவளுக்கு மனப்பாடம். யாராவது கையைப் பிடித்துத் தடுக்க மாட்டார்களா என்று நிற்கிறவனின் பார்வை. சே, பைத்தியமா உனக்கு, பேசாமல் வேலையில் சேரு என்று அவள் சொல்ல வேண்டிய இடம் அது. வழக்கமாகச் சொல்கிறவள்தான். மாமியாரும் அதற்குத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சொல்லிடு" என்றாள் அவள்.

போன் மேடைமேல் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் துண்டை எடுத்து ஈரக்கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். துண்டை மடித்துக் கம்பியில் போட்டான்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே" என்றான். "நாளைக்குச் சொல்லட்டுமா?"