நடு சீட்

நான்காம் வகுப்புப் படித்த வருஷத்தில், எங்கள் ஜெனரேட்டர் வண்டியின் பின் விளக்குகளை அணைக்கும் சக்தி எனக்கு இருந்தது. எதையும் தொட வேண்டியதில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தாலே போதும். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பெரியப்பா சொன்னார், அப்பா மறுக்கவில்லை, கண்ணால் பார்த்துப் பார்த்து கடைசியில் நானும் நம்பிவிட்டேன்.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து அடி அண்ணாமலையில் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் போடும் அன்னதானப் பந்தல் என்று வேலைக்குக் குறைவில்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் போனால் துக்கம், எங்கள் வீட்டில் மட்டும் கொஞ்சம் சந்தோஷம். ஜெனரேட்டர் ஒரு இரண்டு சக்கர டிரெய்லரில் இருக்கும். பிக்கப் வண்டி அதை இழுத்துக்கொண்டு போகும். டிரெய்லரின் பின்னாலும் சிவப்பு விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் உண்டு. பிக்கப்பிலிருந்து போகும் ஒரு ஒயர்தான் அவற்றை எரிய வைக்கும்.

லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். அப்பா ஓட்டுவார், பெரியப்பா ஜன்னல் ஓரம், நடுவில் நான். அந்த நடு சீட்டில் பெரியவர்கள் யாரும் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் கியர் ராடு முட்டியில் இடிக்கும். எனக்கு அது சிம்மாசனம். பெரியப்பா வழியில் எங்கேயாவது இறங்கிப் பொட்டுக்கடலையோ முறுக்கோ வாங்கி என் மடியில் போடுவார். அவர் கெட்ட மனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் பிள்ளைப் பருவத்தில் நான் தின்ற முறுக்கில் பாதி அவர் வாங்கிக் கொடுத்தது.

முதல் தடவை ஒரு காதுகுத்துக்குப் போகும்போது நடந்தது. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு கண்ணைத் திறந்தது. இண்டிகேட்டர் போட்டால் வழக்கமான நிதானம் இல்லாமல் பதறியடித்துக்கொண்டு டிக்டிக்டிக் என்றது. அப்பா இறங்கிப் போய்ப் பார்த்தால் டிரெய்லரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. சாவியைத் திருப்பி அணைத்து மறுபடி போட்டார். எரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி செத்துவிட்டது. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். வண்டி அந்த வாரம் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அடுத்த லீவில் நான் ஏறினேன். மஞ்சள் விளக்கு வந்தது.

"குட்டி ஏறுனாதான் இதுக்குக் கோவம் வருது" என்று பெரியப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாம் சிரிப்பில்தான் ஆரம்பித்தது.

டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். டாஷ்போர்டுக்கு அடியில் மாட்யூல் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதாம். எந்த விளக்குக்கு எப்போது கரண்ட் போக வேண்டும் என்று அதுதான் முடிவு செய்யுமாம். அது போய்விட்டது என்று சொல்லிப் புதுசு மாட்டிவிட்டார்கள். அதன்பிறகு பல நாள் எந்தத் தொல்லையும் இல்லை. அப்பா நிம்மதியாகி, கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது என்னைக் கூப்பிட்டார். நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு ஏறினேன்.

திண்டிவனம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. மஞ்சள் விளக்கு எரிந்ததை முதலில் பார்த்தது நான்தான். சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்து, அந்த விளக்கையே பார்த்து மனசுக்குள் அண்ணாமலையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் பின்னால் ஒரு பஸ் பயங்கரமாக ஹாரன் அடித்தது. டயர் தேயும் சத்தம் கேட்டது. அப்பா வண்டியை ஓரம் கட்டினார். டிரெய்லருக்கும் பஸ்ஸின் மூக்குக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இல்லை. விளக்கே இல்லாமல் இருட்டில் ஒரு ஜெனரேட்டர் போகிறது என்று பஸ் டிரைவருக்கு எப்படித் தெரியும்? அவர் இறங்கி வந்து கத்திய கத்தலில் எங்கள் பரம்பரையில் யாரும் மிச்சமில்லை.

பஸ் போனபிறகு பெரியப்பா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அப்பாவிடம், ஏதோ எனக்குக் காதே இல்லை என்பதுபோல, மெதுவாகச் சொன்னார்.

"இனிமே இவள ஏத்தாத. கொழந்த நல்ல கொழந்ததான். வண்டிக்கு அவ ராசி ஆவல."

அப்பா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சாவியைத் திருப்பி அணைத்து மறுபடி போட்டார். வண்டி கிளம்பியது.

வண்டியில் ஏறாமல் இருப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் ராசி என்பது வண்டியோடு நிற்குமா என்பதுதான் என் கவலை. புது மாட்யூலையே ஒரே நாளில் கெடுத்தவளுக்கு மிக்ஸி எம்மாத்திரம்? மிக்ஸி பக்கம் போவதை நிறுத்தினேன். டிவி ரிமோட்டைத் தொடுவதில்லை. வகுப்பில் ஃபேன் நின்றுபோன அன்று டீச்சர் எழுந்து நின்று பார்த்தபோது, என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொண்டேன். வாசலில் பிக்கப் நின்றால் சுற்றிக்கொண்டு போவேன். ராத்திரி அப்பா வர நேரமானால், நான் சாயங்காலம் தெரியாத்தனமாக அந்த வண்டியை உரசிவிட்டேனோ என்று யோசித்து யோசித்து வண்டிச் சத்தம் கேட்கும்வரை தூங்காமல் கிடப்பேன். இதையெல்லாம் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றால்?

அம்மா ஒரு லாட்ஜில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் அவள் வரும்போது நான் இருட்டில் உட்கார்ந்து புத்தகத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தேன்.

"லைட்ட போட்டுக்கினு படிக்கிறதுக்கு இன்னா?"

"நான் போட்டா போயிடும்மா."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். பிறகு என் விரலைப் பிடித்து சுவிட்சின் மேல் வைத்து அழுத்தினாள். விளக்கு எரிந்தது. அணைத்தாள். மறுபடி போட வைத்தாள். நான் அழ அழ அதையே திரும்பத் திரும்பச் செய்தாள். அன்று அவள் அப்பாவிடம் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை அவள் லீவு போட்டாள், என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. போளூர் ரோட்டில் இருந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்கு அப்பாவும் பெரியப்பாவும் பிக்கப்பில் டிரெய்லரோடு வந்தார்கள். நாங்கள் பஸ்ஸில் போய் இறங்கினோம்.

அந்த எலக்ட்ரீஷியன் எதையும் பார்ப்பதற்கு முன்பே முடிவு சொல்கிற ஆள். "எர்த்து சார். டிரெய்லர்னாலே எர்த்துதான்" என்று சொல்லி எர்த் ஒயரைக் கழற்றிச் சுரண்டி மாட்டினார். பிறகு டிரெய்லர் பிளக்கைத் திறந்து, "களிம்பு ஏறிப்போய் கீது, இதான்" என்றார். அதையும் தேய்த்தார். டெஸ்ட் லைட்டை ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பார்த்தார். எல்லாம் எரிந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்கு எரிச்சல்.

"எப்போ எப்போ வருது இந்தக் கம்ப்ளைண்டு?"

அப்பா தரையைப் பார்த்தார். பெரியப்பா டிரெய்லரின் டயரைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர் கடை, நாலு பேர் நிற்கிற இடம். வீட்டில் சொன்னதை அங்கே சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. அம்மாதான் சொன்னாள்.

"எம் பொண்ணு ஏறுனா வருதுண்ணா. இவங்க அப்படித்தான் சொல்றாங்க."

கடையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். எலக்ட்ரீஷியனும் சிரிக்க வாயைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டார்.

"எங்க உக்காருவா?"

இத்தனை நாளில் அதை யாரும் கேட்கவில்லை. நான் நடு சீட்டைக் காட்டினேன். ஏறு என்றார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா தூக்கி உட்கார வைத்தாள். டிரெய்லர் விளக்குகள் எரிந்துகொண்டேயிருந்தன. எல்லோரும் என்னையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

"ரோட்டுல வண்டி ஆடும்ல? குதி பாப்பா" என்றார் எலக்ட்ரீஷியன்.

நான் லேசாகக் குதித்தேன். இன்னும் கொஞ்சம் நல்லா என்றார். குதித்தேன். மஞ்சள் விளக்கு வந்தது. பின்னாலிருந்து பெரியப்பா, "போச்சி" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் நான் உடைந்துபோனேன். இதுவரை வீட்டுக்குள் இருந்த சங்கதி இப்போது போளூர் ரோட்டுக்கே தெரிந்துவிட்டது. இனி நான் எங்கே போய் இருப்பேன், எந்த வீட்டில் என்னைச் சேர்ப்பார்கள் என்றெல்லாம் அந்த வயதுக்கு மீறி யோசித்து ஓவென்று அழுதேன். எலக்ட்ரீஷியன் என்னை இறக்கிவிட்டார். சாவியை அணைத்துப் போட்டார். விளக்கு வந்தது. பிறகு கடையில் கிடந்த ஒரு பழைய லாரி பேட்டரியைத் தூக்கி நடு சீட்டில் தொம்மென்று போட்டார். விளக்கு போனது.

"பேட்டரிக்கும் ராசி இல்ல போல" என்றார் பெரியப்பாவைப் பார்த்து.

சீட்டைக் கழற்றினார்கள். அடியில் ஜாக்கி கிடந்தது. அதன் இரும்பு முனையின் மேல், கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஒயர். சீட் அமுங்கும்போதெல்லாம் ஜாக்கியில் உரசி உரசி, டேப் கிழிந்து, உள்ளே செம்பு பளபளத்தது. "செம்பு இரும்புல பட்டா ஷார்ட்டு. ஷார்ட்டு ஆனா அந்தப் பொட்டி தன்னக் காப்பாத்திக்க டிரெய்லருக்குக் கரண்ட்ட கட் பண்ணிடும். சாவிய ஆஃப் பண்ணிப் போட்டாத்தான் திரும்பக் குடுக்கும். பொட்டி நல்ல பொட்டிதான், சும்மாவே மாத்தியிருக்கீங்க" என்றார். அப்புறம், "இப்படி சீட்டுக்கு அடியில எவன் ஒயர் இழுத்தது?" என்று கேட்டார்.

டிரெய்லர் வாங்கிய புதிதில், வண்டிக்கு அடியில் படுத்து எழுந்திருக்க முதுகு இடம் கொடுக்காமல், கேபினுக்குள்ளேயே சுருக்கு வழி கண்டுபிடித்து இழுத்தவர் பெரியப்பா. அப்பா அவரைப் பார்த்தார். பெரியப்பா உடனே ஒரு டீ சொல்லப் போய்விட்டார்.

ஒயரை வெளியே எடுத்து, வண்டிக்கு அடியில் குழாய்க்குள் விட்டுப் புதிதாக இழுத்தார்கள். நான் நடு சீட்டில் ஏறி ஆசை தீரக் குதித்தேன். குதிக்கக் குதிக்க டிரெய்லரில் விளக்கு எரிந்தது. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். டீயோடு வந்த பெரியப்பாவுக்கு முகமெல்லாம் பல். என்னை அப்படியே தூக்கிக்கொண்டார்.

"பாத்தியா, இவ ஏறிக் குதிச்சதாலதான் பால்ட்டே கண்டுபுடிச்சோம். இல்லன்னா என்னிக்கோ ஒருநாள் வண்டி தீப்புடிச்சிருக்கும். எங்க குட்டி ராசிக்காரிடா! கார்த்திகை தீபத்துக்குப் போற மொத லோடுக்கு இவதான் ஏறி உக்காரணும். இனிமே எந்த ஆர்டர்னாலும் இவ கால் பட்டுத்தான் வண்டி கெளம்பும்."

எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. காலையில் ராசி இல்லாதவள், மத்தியானம் ராசிக்காரி. அப்பாகூடச் சிரித்தார். இப்போதே வண்டியில் வீட்டுக்குப் போகலாம் என்று நான் நடு சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். அம்மா வந்து கதவைத் திறந்தாள்.

"எறங்கு."

"இருக்கட்டும்மா, கொழந்த ஆசைப்படுது" என்றார் பெரியப்பா.

"வேணாம் மாமா. ராசி இல்லன்னும் வேணாம், ராசின்னும் வேணாம். ஒயரு பிஞ்சிருந்தது, ஒட்டியாச்சி. அவ்ளோதான்."

அம்மா பெரியப்பாவை எதிர்த்துப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. என்னை இடுப்பில் இழுத்து இறக்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடத்திக்கொண்டு போனாள். என் கிரீடத்தைப் பிடுங்கிய மகாபாவி. அவளோடு பேசக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருஷம் எங்கள் நிலத்தில் போர் போட்டார்களாம், தண்ணீர் பீறிட்டு வந்ததாம். மகாலட்சுமி வந்துட்டா என்று அவளை அழைத்துப் போய் விதைக்க வைத்தார்களாம், மாட்டுக்கு முதல் கவளம் ஊட்ட வைத்தார்களாம், ஊரில் யார் போர் போட்டாலும் முதல் பூவை அவள் கையில் கொடுத்தார்களாம். அந்தப் போர் வற்றிப்போனதும் அதே வாய்கள் என்ன சொல்லின என்பதை அம்மா சொன்னதில்லை. அத்தை ஒருத்தி, நான் காலேஜ் முடித்தபிறகு, வேறு எதையோ பேசும்போது சொன்னாள். அன்று பஸ்ஸில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்.

பஸ் டவுனைத் தாண்டியதும் ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டது. டிரைவர் சாவியைத் திருப்பினார். என்ஜின் இருமிவிட்டு அடங்கியது. மறுபடி திருப்பினார். ஜனங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அம்மாவின் மேலிருந்த கோபமெல்லாம் எனக்கு எங்கேயோ போய்விட்டது. நான் மெதுவாக இரண்டு கால்களையும் பஸ்ஸின் தரையிலிருந்து தூக்கி, எதிலும் படாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டேன்.

அம்மா பார்த்துவிட்டாள். குனிந்து, என் இரண்டு பாதங்களையும் பிடித்துத் தரையில் வைத்து அழுத்தினாள்.

"வை. நல்லா வை."

டிரைவர் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அவள் இன்னும் பலமாக அழுத்தினாள். அவள் பார்வை டிரைவரின் கையிலேயே இருந்தது. எனக்குப் பாதம் வலித்தது. இந்த பஸ் கிளம்பித் தொலைத்தால் தேவலை, அம்மா கையை எடுத்துவிடுவாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.