மேல் அறையின் ஆத்தும வாசல்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கூட்டம் கிளம்பிப் போகும். மாலை மூன்று மணிக்கு இன்னொரு கூட்டம் வந்து இறங்கும். நடுவே இருக்கிற அந்த ஐந்து மணி நேரம்தான் வால்புர்காவுக்கு வாரம். மற்ற நாளெல்லாம் விரிப்புத் துவைப்பதிலும், தேய்ப்பதிலும், மடித்து அடுக்குவதிலும் போய்விடும்.

கோம்ஸ் பள்ளத்தாக்கில், ரோட்டன் ஆற்றுக்கு மேலே, ஹோலென் என்று ஒரு சிற்றூர். வெயிலில் கரியாய்க் கறுத்த இருபத்திரண்டு மரவீடுகள், சிறியதாக ஒரு கிறிஸ்தவக் கோயில். அந்த வீடுகளில் பதினாறு இப்போது விடுமுறைக்கு வருகிறவர்களுக்கானவை. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, கோடையில் மலையேற்றம் என்று ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். வால்புர்கா பிறந்த வீடும் அந்தப் பதினாறில் ஒன்று. மேல் அறைச் சன்னலில் நின்றால் பள்ளத்தாக்கின் கோடியில் வைஸ்ஹோர்ன் சிகரம் வெள்ளையாய் நிற்கும். அந்த ஒரு காட்சிக்காகவே ஆறு மாதம் முன்னால் எழுதிக் கேட்பார்கள்.

அந்த வீட்டில் பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவள் பிலோமினா, நான்கு வருஷம் இளையவள் வால்புர்கா. தங்கைக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. பதினேழு வயதில் கீழே ஊருக்கு இறங்கி, ஒரு தங்கும் விடுதியில் அறை துடைக்கிற வேலையில் சேர்ந்து, முப்பது வருஷம் அந்நியர்களுடைய படுக்கையை விரித்தாள். அக்கா எங்கும் போகவில்லை. மூன்று பசு, ஒரு உருளைக்கிழங்குத் தோட்டம், படுத்த படுக்கையான அப்பா, அவருக்குப் பின் அம்மா. இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால் பிலோமினா, "என்னைக் கேட்டவன் எல்லாம் என் பசுவைப் பாத்துத்தான் கேட்டான்" என்பாள்.

அக்காவுக்கு எப்போதும் கால் சில்லிட்டுக் கிடக்கும். அதனால் பழைய நீல ஏப்ரன் துணியில் ஒரு பை தைத்து, கழுவிக் காயவைத்த செர்ரிக் கொட்டைகளை அதில் நிரப்பி, கணப்படுப்பின் மேல் சுடவைத்துப் போர்வைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்வாள். தங்கை திரும்பி வந்து வீட்டை வாடகைக்கு விட்ட பிறகு, அதே பையைச் சுடவைத்து விருந்தாளிகளின் படுக்கையிலும் அக்கா வைக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, இதெல்லாம் விடுதியிலகூடக் கிடையாது."

"விடுதியில குளிர்றது வாடகைக்கு வந்தவனுக்கு. இங்க குளிர்ந்தா நம்ம வீட்டுக்கு வந்தவனுக்கு. நீ போய் விரிப்பை இழுத்து விடு."

வேலை முடியாமல் அக்கா அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள். பூசைக்கு மணி அடித்தாலும் கடைசித் தலையணைக்கு உறை போட்டுவிட்டுத்தான் படி இறங்குவாள். அது அவள் குணம்.

வாடகைக்கு விடும் முன் வீட்டைச் செப்பனிட்டார்கள். அப்போதுதான் அந்தப் பிழை நடந்தது.

அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் படுக்கையறைச் சுவரில் கையகலத்துக்கு ஒரு துவாரம் இருக்கும். உள்ளிருந்து தள்ளித் திறக்கிற சின்ன மரப்பலகை அதை மூடியிருக்கும். காற்றுக்கு அல்ல, வெளிச்சத்துக்கும் அல்ல. அது ஆத்தும வாசல். வீட்டில் ஒருவருக்கு உயிர் பிரிந்ததும் பலகையைத் தள்ளுவார்கள். பேர் சொல்லி, "கடவுள் பேரால போ" என்று அனுப்பி, ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்து மூடிவிடுவார்கள். மற்ற நாளில் அதை யாரும் தொடுவதில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திறந்தது பிலோமினாவின் கைதான்.

தங்கும் வீடுகளுக்குத் தரம் பார்த்து நட்சத்திரம் கொடுக்க வந்த அதிகாரி அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இங்க காத்து வருதே. ரெண்டு நட்சத்திரத்துக்கு மேல எழுத முடியாதும்மா" என்றார். வால்புர்கா தச்சன் ஓத்மாரைக் கூப்பிட்டாள். ஐந்தாம் வகுப்புவரை அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். துவாரத்தில் நுரைப்பசையைப் பீய்ச்சி அடைத்து, மேலே புதிய பைன் பலகை அடித்தான்.

"அக்காகிட்ட கேட்டியா?" என்றான்.

"இனிமே மேல் அறையில யாருடா சாகப் போறா? நாங்க ரெண்டு பேரும் கீழ இருக்கோம். மேல வர்றவங்க ஒரு வாரம் இருந்துட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க."

பிலோமினா பலகையைப் பார்த்தாள். பிறகு விரிப்பை மடிக்கப் போனாள். மூன்று நட்சத்திரம் கிடைத்தது.

அதற்கு நாலாவது வருஷம் பிப்ரவரியில் பிலோமினா படுக்கையில் விழுந்தாள். கீழ்த்தளத்துக்கு வெயில் வராது. அந்த வாரம் மேல் அறை காலியாக இருந்தது. "கொஞ்சம் வெயில்ல கிடக்கேன் புர்கி, மலையைப் பாத்துக்கிட்டு" என்று கேட்டதால் மேலே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மூச்சு நின்றது. வால்புர்கா எழுந்து, பழக்கத்தில் சுவரண்டை ஓடினாள். கை பைன் பலகையில் போய் மோதியது. நகத்தால் பிறாண்டினாள். பிறகு சன்னலுக்கு ஓடினாள். மூன்று கண்ணாடி வைத்த புதுச் சன்னல், பனியில் இறுகி அசையவில்லை. அவள் திரும்பியபோது அறை அமைதியாக இருந்தது. ஒருவர் போன பிறகு வருகிற அமைதி அல்ல. ஒருவர் வாய் திறக்காமல் காத்து நிற்கிற அமைதி.

மறுநாள் மூன்று மணிக்குப் புதியவர்கள் வரவேண்டியிருந்தது. பிலோமினாவைக் கோயிலுக்கு எடுத்துப் போனார்கள். வால்புர்கா விரிப்பு மாற்றினாள். செர்ரிக் கொட்டைப் பையைப் சவப்பெட்டிக்குள் அக்காவின் பாதத்தடியில் வைத்துத்தான் அடக்கம் செய்தார்கள். வைத்தது வால்புர்காவின் கை.

ஈஸ்டருக்குப் பாசல் நகரத்திலிருந்து ஒரு தம்பதி வந்து போனார்கள். விருந்தினர் ஏட்டில் எழுதியிருந்தார்கள்: "காட்சி அற்புதம். பனியிலிருந்து திரும்பும்போதெல்லாம் கால்மாட்டில் சூடான சின்னப் பை! இந்த அன்பை மறக்கமாட்டோம்."

வால்புர்கா ஏட்டை மூடினாள். வேறு வீட்டை நினைத்து எழுதியிருப்பார்கள் என்று தேற்றிக்கொண்டாள்.

மே மாதம் ஒரு டச்சு ஆசிரியை சாவியைக் கொடுக்கும்போது, "உங்க சகோதரிக்கு என் நன்றியைச் சொல்லுங்க. கொஞ்சம் கூச்ச சுபாவமோ? நான் உள்ள வந்ததும் முகத்தைத் திருப்பிக்கிறாங்க" என்றாள்.

"எந்தச் சகோதரிங்க?"

"நீல ஏப்ரன் கட்டியிருக்காங்களே, அவங்க. அந்தச் சூட்டுப் பையை அப்புறம் எங்க எடுத்து வைக்கிறாங்கன்னுதான் தெரியல. காலையில தேடினா இருக்கறதில்ல."

வால்புர்காவுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. ஆனால் அந்தச் சில்லிப்புக்கு அடியில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை விரிப்பை உதறும்போது வெறும் அறையைப் பார்த்து, "அக்கா, போன வாரம் வந்தது ஜெர்மன்காரங்க. வாசல்லயே வெச்சுக் காலராவைக் கொடுத்தேன். பேரைக் கேட்டதும் அந்தாளு கையைக் கழுவப் போயிட்டான்" என்று சொல்லிச் சிரித்தாள். காலரா என்பது அங்கே உருளைக்கிழங்கும் ஆப்பிளும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுடுகிற பணியாரம். அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவள் எதிர்ப்பக்கம் போவதற்குள் விரிப்பின் அந்த முனை மெத்தைக்கடியில் செருகப்பட்டிருந்தது.

இப்படியே கோடை போயிற்று. ஐந்து மணி நேரம் ஆறு ஆயிற்று, ஏழு ஆயிற்று. காலையில் விருந்தாளிகளை அவசரப்படுத்தி அனுப்பினாள். புதியவர்கள் வாசலில் பெட்டியோடு நிற்க, மேலே அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. பைன் பலகையில், நெஞ்சு உயரத்தில், ஒரு இடம் மட்டும் வழவழவென்று மின்ன ஆரம்பித்தது. மெழுகு போட்டுத் துடைத்துப் பார்த்தாள். மற்ற இடம் மின்னியது, அந்த இடம் அதைவிட மின்னியது. பல வருஷம் கைபட்ட கதவுப்பிடி போல.

செப்டம்பர் கடைசியில் ஒரு குடும்பம் போனபின் ஏட்டைத் திறந்தாள். அவர்களுடைய ஆறு வயதுப் பெண் வண்ணப் பென்சிலால் படம் போட்டிருந்தது. கட்டில், மலை, மலைமேல் சூரியன். ஓரத்தில் நீல ஏப்ரன் கட்டிய ஒருத்தி. முகம் இல்லை, முதுகு மட்டும். சுவரோடு ஒட்டி நின்று இரண்டு கையையும் பலகைமேல் வைத்திருந்தாள். கீழே தாயின் எழுத்து: "எப்பவும் சுவரைப் பார்த்து நிற்கிற ஒரு அம்மா. இவள் கனவில் கண்டாளாம்."

வால்புர்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கோடை முழுக்க அக்கா தனக்குத் துணையாக இருக்கிறாள் என்று நினைத்திருந்தாள். அக்கா துணைக்கு இருக்கவில்லை. போக வழி தேடிக்கொண்டிருந்தாள். நேரம் கிடைத்தபோது மற்றவர்களின் கால்மாட்டையும் சூடாக்கிக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னாள். சாமியார் பெருமூச்சு விட்டார். "ஆண்டவருக்கு ஓட்டை எதுக்கும்மா? அவர் கூப்பிட்டா சுவர் என்ன, மலை என்ன?"

"ஆண்டவருக்கு வேண்டாம் சாமி. அக்காவுக்கு வேணும். பழகின வழியிலதான் அவ போவா."

"அப்ப திறந்து விட்டுட வேண்டியதுதானே?"

அதைத்தான் அவள் செய்யவில்லை. சொல்ல வந்த பாவம் அதுதான். திறந்தால் அக்கா போய்விடுவாள். அப்புறம் சனிக்கிழமை வெறும் சனிக்கிழமை.

அக்டோபரில் மூன்று வாரம் இழுத்தடித்தாள். இன்னும் பத்து நாளில் ஆத்துமாக்களின் திருநாள். கோயிலில் இறந்தவர்களின் பேர்களை வாசிப்பார்கள். பிலோமினா என்று வாசிக்கும்போது அந்தப் பேர்க்காரி இங்கே சுவரில் கைவைத்து நிற்பாள். அந்த நினைப்பு வந்த அன்று இரவு முழுக்க ஜெபமாலை உருட்டினாள். அடுத்து வந்த சனிக்கிழமைக்கு விருந்தாளிகள் யாரும் இல்லை. ஓத்மாரைக் கூப்பிட்டாள்.

பகல் பன்னிரண்டு மணி. வெளியே மூடுபனி. கடப்பாரையோடு ஏறி வந்தவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"அடைக்கவும் நான்தான், உடைக்கவும் நான்தானா? நட்சத்திரம் ஒண்ணு கழண்டு விழும் பாத்துக்க."

"விழட்டும்."

"அதிகாரி கேட்டா என்ன சொல்வ?"

"எங்கக்கா வெளிய போகணும்னு சொல்வேன்."

"அப்ப சரி. மூணுக்குப் பதிலா உனக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி வண்டியே அனுப்புவாங்க" என்று சிரித்துக்கொண்டே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். பலகை பெயர்ந்தது. உள்ளே மஞ்சள் நுரை இறுகிக் கிடந்தது. அதைக் கிள்ள விரலை வைத்தவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். சிரிப்பு நின்றுவிட்டது.

"புர்கி. இங்க தொட்டுப் பாரு."

வடக்குச் சுவர். வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. நுரை சூடாக இருந்தது. அடுப்புச் சூடு அல்ல. இப்போதுதான் ஒருவர் எழுந்து போன படுக்கையின் சூடு.

ஓத்மார் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். பிறகு கத்தியால் நுரையைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தான். பழைய சின்னப் பலகை தெரிந்ததும் ஒதுங்கி நின்றான். "தள்ளு. இது நான் தொடற வேலை இல்ல."

வால்புர்கா பலகையைத் தள்ளினாள். முதலில் அசையவில்லை. பிறகு கீச்சென்று நகர்ந்தது. கையகலச் சாம்பல் வானம். மூடுபனி உள்ளே புகுந்து அவள் முகத்தில் அடித்தது.

"பேர் சொல்லு" என்றான் ஓத்மார் மெல்ல.

"பிலோமினா..." என்றாள். கடவுள் பேரால போ. மூன்றே வார்த்தை. வாய் எழவில்லை. அறையில் ஏதும் அசையவில்லை. காத்து நிற்கிற அதே அமைதி. தனக்குப் பின்னால், தோள்பட்டைக்கு ஒரு சாண் தூரத்தில், யாரோ நிற்பது அவளுக்குத் தெரிந்தது. திரும்பவில்லை. அக்கா ஏன் இன்னும் நகரவில்லை என்று யோசித்தாள். யோசித்ததும் புரிந்தது.

"அக்கா," என்றாள், விரிப்பு மாற்றும்போது பேசுகிற குரலில். "படுக்கையெல்லாம் நான் போட்டாச்சு. தலையணைக்கு உறையும் போட்டாச்சு. அடுப்பை அணைச்சாச்சு. ஒரு வேலையும் பாக்கி இல்ல. மிச்சம் ஏதாவது இருந்தா நான் பாத்துக்கறேன். நீ கடவுள் பேரால போ."

காற்று வெளியிலிருந்து உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் சன்னல் திரை துவாரத்தின் பக்கமாக, காற்றுக்கு எதிராக, எழும்பிச் சாய்ந்தது. அவள் கன்னத்தருகே சுட்ட செர்ரிக் கொட்டையின் காய்ந்த மணம் ஒரு நொடி கடந்து போயிற்று. திரை தொங்கி நின்றது. இருவரும் முழங்காலிட்டுப் பரலோக மந்திரம் சொன்னார்கள். ஓத்மார் பாதியில் வார்த்தையைத் தவறவிட்டு மறுபடி பிடித்தான். ஆமென் சொன்னதும் வால்புர்கா பலகையை இழுத்து மூடினாள்.

"சூப் வெச்சிருக்கேன், சாப்பிட்டுப் போ" என்றாள்.

"வேண்டாம்" என்றான் அவன். பிறகு கீழே வந்து இரண்டு தட்டு சாப்பிட்டான்.

நட்சத்திரம் ஒன்று போயிற்று. கிறிஸ்துமஸுக்கு வந்த பெர்ன் நகரத்துக் குடும்பம் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனது. சனிக்கிழமை பத்து மணிக்கு வால்புர்கா மேலே ஏறி, விரிப்பை உருவும் முன்பே ஏட்டைத் திறந்தாள்.

"காட்சி அருமை. அறை சுத்தம். படுக்கைதான் குளிர்."

மூன்று முறை வாசித்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கண் துடைக்க ஏப்ரனைத் தூக்கியவள், அந்த முனையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கீழே போய்க் கத்தரிக்கோலை எடுத்து, செர்ரிக் கொட்டை நிரப்பும் இரண்டு பைக்குப் போதுமான அளவு அதிலிருந்து வெட்டிக்கொண்டாள். புதியவர்கள் வர ஐந்து மணி நேரம் இருந்தது.