கருவாட்டுக் கல்லில் இருந்த பெயர்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான், இன்றைக்கும் அப்படித்தான். ஆனாலும் இதைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், என்னைப் பற்றி நீங்கள் எவ்வளவு கேவலமாக நினைத்தாலும் அதைவிடக் கேவலமாக நானே நினைத்தாயிற்று.

ஐம்பதுகளின் ஆரம்பம். ராயபுரத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் நானும் தாவூதும் குமாஸ்தாக்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கல்வெட்டு தேடிக் கிளம்பிவிடுவோம். பித்து முதலில் எனக்குத்தான் பிடித்தது, பழைய எழுத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஆறே மாதத்தில் என்னைத் தாண்டிவிட்டான். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அவன் வெறும் விரலால் தடவியே மூன்று வரி படித்திருப்பான். வாயால் சபாஷ் என்பேன், வயிறு எரியும்.

எண்ணூர் பக்கம் முகத்துவாரக்குப்பத்தில் கருவாடு காயப்போடும் பலகைக் கல் ஒன்றில் எழுத்து இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். சம்புவராயர்கள் தெரியுமல்லவா, சோழனுக்கு அடங்கியிருந்து பிறகு தொண்டை நாட்டைத் தனியாக ஆண்டவர்கள். அந்த வம்சம் யாரிடம் தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தாவூதின் விரல் நாலாவது வரியில் நின்றது.

"தோஸ்து, இவன்தான் மொத ஆளு. எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாத பேருபா," என்று ஐந்தெழுத்துப் பெயர் ஒன்றைப் படித்தான். "அடுத்த வாரம் மைப்படி எடுத்துகினு போய் பத்திரிகைக்கு எழுதிடறேன்."

எழுதிடறேன் என்றான், எழுதிடலாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல் என்னை நாலு நாள் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டேன். உச்சி வெயிலில் உளியும் சுத்தியுமாகப் போய் அந்த ஐந்து எழுத்தையும் கொத்தி எடுத்தேன், ஒன்றும் மிச்சமில்லை என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டேன். கேட்டால் உப்புக்காற்று அரித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த குப்பத்துக்காரி அஞ்சலை ஒருத்திதான் பார்த்தாள், சர்க்கார் ஆள் என்று நினைத்தாளோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாவூத் கல்லைக் கழுவினான். பள்ளத்தைப் பார்த்ததும் கத்துவான் என்று தள்ளி நின்று காத்திருந்தேன், கத்தவில்லை. நனைத்த காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மையை ஒற்றினான். கறுப்புக்குள் வெள்ளை எழுத்து வரிவரியாக எழுந்தது.

"மாணிக்கம்," என்றான்.

என் பெயரைச் சொல்லி அவன் கூப்பிடுவதே இல்லை. என்ன என்று கேட்டேன்.

"உன்ன கூப்டலபா. இங்க அப்படித்தான் கீது."

போய்க் குனிந்து பார்த்தேன். நாலாவது வரி, அதே இடம், ஐந்து எழுத்து. என் பெயர்தான்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலை வந்து நின்றாள். "அன்னிக்கி குந்திகினு கொத்திகினு இருந்தியே நைனா, இதுக்குத்தானா?"

தாவூத் என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தை உரித்துவிட்டுக் கல்லைத் தடவினான், நானும் தடவினேன். நான் கொத்திய பள்ளம் ஒன்றுகூட இல்லை. மற்ற வரிகளைப் போலவே உப்பில் தேய்ந்து ஓரம் மழுங்கிய எழுத்து, பல நூறு வருஷத்து எழுத்து. எனக்கோ அம்மி கொத்தக்கூடத் தெரியாது.

"எப்டி செஞ்சேன்னு நான் கேக்கல," என்றான் தாவூத். "எம் பேரும் வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கட்டுரைல மொதல்ல உன் பேரத்தான் போட்டிருப்பேன்."

காகிதத்தை என் கையில் திணித்துவிட்டு எண்ணூர் ஸ்டேஷன் பக்கம் நடந்தான். அழித்தது மட்டும்தான் நான் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. கட்டுரை எழுதப்படவே இல்லை. அதன் பிறகு பல வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தோம், கணக்காக நாலு வார்த்தைதான் பேசுவான்.

அந்த ராஜாவின் உண்மையான பெயர் என்ன என்று கேட்பீர்கள். என் காதால் கேட்ட பெயர், ஒவ்வொரு எழுத்தாக நானே உளி வைத்து எடுத்த பெயர், எனக்கு நினைவில்லை. வெட்கத்தை விட்டு தாவூதிடமே ஒருமுறை கேட்டேன். "நானும் யோசிச்சிகினுதான் கீறேன், வரல," என்றான். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போதும் சில நாள் அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிடும். வாயைத் திறந்தால் மாணிக்கம் என்றுதான் சொல்கிறேன்.