கோட்டுப் பைக்குள் ஒரு பிஸ்டல் கேட்டவர்கள்

துவக்குக் கடையில், அதாவது துப்பாக்கி விற்கிற கடையில், வேலை செய்கிறவன் ஒரு நாளில் அதிகம் சொல்லுகிற சொல் 'ஏலாது' என்பதுதான். சாப்பாட்டுக் கடையிலோ புடவைக் கடையிலோ கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கினவர் நீங்கள் என்றால், வந்தவரிடம் இல்லையென்று சொல்லுகிற கஷ்டம் உங்களுக்குத் தெரியும். சாமான் முடிந்துவிட்டதால் இல்லை என்பது ஒரு கஷ்டம். சாமானைக் கண்ணாடிக்குக் கீழே மினுக்கி வைத்துக்கொண்டு இல்லை என்பது வேறு கஷ்டம். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் ஏழு வருஷம் நான் அந்த இரண்டாவது கஷ்டத்தைச் சம்பளத்துக்குப் பட்டேன்.

முன்பக்கம்

அப்போது பார்க்டேலில் வேறு நாலு பெடியளோடு ஒரு அறையில் இருந்தேன். வேலை எடுத்துத் தருகிற ஏஜென்சிக்காரி 'விளையாட்டுச் சாமான் கடை' என்று சொல்லி ஒரு விலாசம் எழுதித் தந்தாள். கிரிக்கெட் மட்டையும் பந்தும்தான் என் மனதில். நன்றாக அயர்ன் பண்ணின சேட்டோடு போய்க் கதவைத் திறந்தால், சுவர் முழுக்க றைபிள். கால் அப்படியே நின்றுவிட்டது. ஊரில் சோதனைச் சாவடியைக் கண்டால் நிற்கிறமாதிரி, இரண்டு கையும் வெளியே தெரிய நின்றேன்.

முதலாளி லாஸ்லோ ஹங்கேரிக்காரர். இருபது வயதில் அவரும் அகதியாக ஓடி வந்தவர்தான். என் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துவக்குப் பழக்கம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னேன்: பார்த்திருக்கிறேன், ஆனால் முன்பக்கத்தை மட்டும்தான். அவர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அப்படியென்றால் திங்கட்கிழமை வா, சிவா. பின்பக்கத்தைக் காட்டுகிறேன்."

சிவப்புப் புள்ளி

இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு மத்தியானம் குலம் அண்ணை கடைக்குள் வந்தார். ஸ்காபரோவில் நகைக்கடை வைத்திருந்தவர். முந்தின மாதம் பட்டப்பகலில் இரண்டு பேர் தொப்பிச் சட்டையோடு உள்ளே வந்து, சுத்தியலால் கண்ணாடிப் பெட்டிகளை உடைத்து, கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அன்றிலிருந்து கடை பூட்டு. அதை விற்றுவிட்டுத் தமையனிடம் லண்டனுக்குப் போகப்போகிறார் என்று கோயிலில் கதை.

"தம்பி, கோட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சா தெரியாத அளவில ஒண்டு வேணும். உந்தச் சிவப்பு லைற் அடிக்குமே, அது பூட்டினது" என்றார். முழுசாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் வந்திருந்தார். ஏதோ ஒரு அமெரிக்கச் சஞ்சிகையில் இருந்து கிழித்த படத்தை நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இந்த நாட்டில் பிஸ்டலை மடியில் செருகிக்கொண்டு திரிய ஏலாது. படிக்க வேணும், பொலிஸ் விசாரிக்கும், கிளப்பில் சேர வேணும், அதற்குப் பிறகும் வீட்டில் பூட்டி வைக்கவும் சுடுகிற இடத்துக்குப் பூட்டின பெட்டியில் கொண்டுபோகவும்தான் விடுவார்கள். குட்டிக் குழல் பிஸ்டல்களை அடியோடு நிற்பாட்டுகிற பேச்சும் ஒட்டாவாவில் நடந்துகொண்டிருந்தது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கண் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள்.

லாஸ்லோவுக்குப் பாவமாகப் போய்விட்டது. சின்னன் ஒன்றை வெளியே எடுத்து, குண்டில்லாமல் வெறுமையா என்று இரண்டு தடவை பார்த்து, எனக்கும் காட்டி, குழலுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் இருந்த லேசரைப் போட்டுவிட்டு அவர் கையில் கொடுத்தார். மறு சுவரில் ஒட்டியிருந்த கடதாசி வட்டத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார். குலம் அண்ணை பிடித்தார். சிவப்புப் புள்ளி கடதாசிக்கு மேலே ஏறியது, கீழே விழுந்தது, கதவு நிலைக்குப் போனது, திரும்பி வந்தது. ஈ ஒன்று சுவரில் குந்த இடம் தேடுவதுபோல இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகப் பிஸ்டலைக் கண்ணாடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உந்த லைற் பழுதுபோல கிடக்கு. ஓரிடத்தில நிக்குதில்லை."

கரடிக்காரி

கொண்டு திரிய உண்மையிலேயே அனுமதி வைத்திருந்த ஒரேயொரு ஆளை அந்தக் கவுண்டரில் நான் கண்டிருக்கிறேன். ஹெலன் என்று ஒரு பெண். வடக்கே காட்டுக்குள் தனியாக நடந்து கல் பொறுக்கி, எங்கே என்ன தாது இருக்கிறது என்று கம்பனிகளுக்குச் சொல்லுவது அவளுடைய தொழில். கரடிக்காகப் பிஸ்டல் வைத்திருக்கலாம் என்று கடிதம் இருந்தது. அவளும் கேட்டது குலம் அண்ணை கேட்டதைத்தான்: பொக்கற்றுக்குள் அடங்க வேணும், லேசர் இருக்க வேணும்.

லாஸ்லோ மூன்றைத் துணியில் வரிசையாக வைத்தார். அவள் புடவைக் கடையில் சேலை பார்க்கிற பெண்களைவிட நுணுக்கம். தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு பிடித்துப் பார்த்தாள். சின்னனில் விரல் விசைக்குள் போகவே இல்லை. அதைத் தள்ளி வைத்தாள். லேசரைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் எதிர்ச் சுவருக்கு அடிக்கலாமா என்று கேட்டாள். பிஸ்டலை வெளியே கொண்டுபோக ஏலாது என்று நான் என் வழமையான சொல்லைச் சொல்ல, லாஸ்லோ லேசரை மட்டும் கழற்றிக் கொடுத்தார். வெயிலில் புள்ளி தெரியவில்லை. பற்றரி குளிரில் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டாள். லாஸ்லோ கையை விரித்தார். கடைசியில் லேசர் இல்லாத பெரியதை, இடுப்பில் கட்டுகிற தோல் உறையோடு எடுத்தாள். லாஸ்லோவுக்கு லேசரில்தான் லாபம் கூட, இருந்தாலும் பெரியதற்கே பில் எழுதினார். கையெழுத்துப் போடும்போது அவளே சொன்னாள்: "என்னைக் காப்பாற்ற வேண்டிய சாமான் குளிரில் எனக்கு முதல் சாகக் கூடாது, பாருங்கள்."

இஞ்சருங்கோ

என் மனைவி மலர் கொழும்பில் இருந்து வந்து சேர்ந்த பிறகு வெக்ஸ்போர்ட்டில் அப்பார்ட்மென்ற் எடுத்தோம். அவளுக்கும் நான் ஏஜென்சிக்காரி சொன்னதையே சொல்லி வைத்திருந்தேன்: விளையாட்டுச் சாமான் கடை. சேட்டில் அடிக்கிற எண்ணெய் மணத்துக்கு, சைக்கிள் திருத்துகிற வேலையும் உண்டு என்றேன். ஒரு பொய்க்கு முண்டு கொடுக்க இன்னொரு பொய்.

குலம் அண்ணையின் மனுசி வசந்தியக்கா கோயிலில் மலரைக் கண்டு, "உங்கட அவர் எங்கட இவரோட நல்ல பொறுமையாக் கதைச்சவராம்" என்று நன்றி சொல்ல வந்த இடத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அன்று சாப்பாடு வந்தது, கதை வரவில்லை. மலரின் தம்பி ஊரில் துவக்கால் போனவன். அதை யோசித்துத்தான் நான் மறைத்திருந்தேன். கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே அவள் கேட்டாள்:

"இஞ்சருங்கோ, சந்திக்குச் சந்தி அது நிக்குதெண்டுதானே நாங்கள் கடல் கடந்து வந்தனாங்கள். நீங்கள் இஞ்ச நிண்டு அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள அடுக்கிறியளோ?"

இரண்டு தடவை

அடுத்த நாள் லாஸ்லோவிடம் வேலையை விடப்போகிறேன் என்றேன். அவர் மறிக்கவில்லை. சனிக்கிழமை நடக்கிற பாதுகாப்பு வகுப்புக்குக் குலம் அண்ணையும் மனுசியும் பேர் கொடுத்திருக்கிறார்கள், மொழிபெயர்க்க ஆளில்லை, அதை மட்டும் முடித்துக் கொடு என்றார். மலரிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானும் வந்து பின்னால் இருக்கிறேன் என்றாள். எதை அடுக்குகிறேன் என்று அவள் தன் கண்ணால் பார்க்க விரும்பினாள் என்று நினைக்கிறேன்.

வகுப்பு எடுத்தவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அந்த நாள் முழுக்க அவர் சுடுவதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எப்படிப் பூட்டுவது, எப்படி வெறுமையாக்குவது, பிள்ளைகளுக்கு எட்டாமல் எங்கே வைப்பது, கோபமாக இருக்கிற நாளில் ஏன் தொடக் கூடாது. நான் தமிழில் சொல்லச் சொல்ல, பின்வரிசையில் மலர் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். வசந்தியக்கா புரியாததைக் கையை உயர்த்திக் கேட்டார். குலம் அண்ணை ஒன்றும் கேட்கவில்லை, எல்லாம் விளங்கினமாதிரி இருந்தார்.

பின்னேரம் சோதனை. சுடாத டம்மித் துவக்கை எடுத்து, வெறுமையா என்று பார்த்து, மேசையில் திருப்பி வைக்க வேண்டும். வசந்தியக்கா ஒரு பிசகும் இல்லாமல் செய்தார். குலம் அண்ணை அதைக் கையில் எடுத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி "இப்பிடியோ தம்பி?" என்று கேட்டார், பிறகு வாத்தியார் பக்கம் திரும்பி "இப்பிடியோ சேர்?" என்று கேட்டார். திரும்புகிற பக்கமெல்லாம் குழலும் கூடவே திரும்பியது. வாத்தியார் தாளில் எழுதிவிட்டு மரியாதையாகச் சொன்னார், நானும் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்: "அம்மா பாஸ். ஐயா, நீங்கள் என்னையும் இவரையும் ஆளுக்கொரு தடவை சுட்டுவிட்டீர்கள், ஆனபடியால் அடுத்த மாதம் வாருங்கள்."

பட்டன்

அடுத்த மாதம் அவரும் பாஸ். ஒரு ஞாயிறு பின்னேரம் லாஸ்லோ எங்கள் நாலு பேரையும் தன்னுடைய கிளப்புக்கு விருந்தாளிகளாகக் கூட்டிக்கொண்டு போனார். கிளப்பின் பிஸ்டல் நீளமானது, பாரமானது. கோட்டுப் பைக்குள் வைத்தால் கோட்டே கிழிந்துவிடும். வசந்தியக்கா ஒவ்வொன்றாக, மூச்சை விட்டுவிட்டுச் சுட்டார். கடதாசியைக் கொண்டுவந்து பார்த்தால் ஓட்டைகள் எல்லாம் ஒரு தோசைக்குள் அடங்கின. குலம் அண்ணையின் கடதாசியில் ஒரு கீறலும் இல்லை. அவர் காதுமூடியைக் கழற்றிவிட்டு சுவரோர வாங்கில் போய்க் குந்திக்கொண்டார்.

நானும் மலரும் பக்கத்தில் போனோம். அவராகவே சொன்னார். அன்றைக்குச் சுத்தியல் கண்ணாடியில் விழுந்த சத்தத்தில் தான் கவுண்டருக்குக் கீழே குனிந்துவிட்டதாகவும், மனுசி நின்ற இடத்திலேயே நின்றதாகவும், கண்ணாடித் துண்டு பறந்து அவரின் கன்னத்தை வெட்டினதைத் தான் கீழே இருந்து பார்த்ததாகவும் சொன்னார். "அதுக்குத்தான் தம்பி, பொக்கற்றுக்குள்ள ஒண்டு இருந்தா எழும்பி நிண்டிருப்பன்" என்றார். அவருக்கு அழுகை வரவில்லை, வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். மலர் தன்னுடைய சுடுதண்ணிப் போத்தலில் இருந்து தேத்தண்ணி ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

வசந்தியக்கா பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அவர் கோபப்படவும் இல்லை, தடவிக் கொடுக்கவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்: "அலாம் பட்டன் கவுண்டருக்குக் கீழதானே கிடக்கு. நீங்கள் குனிஞ்சபடியாத்தான் அதை அமத்தினீங்கள், சத்தம் கேட்டுத்தான் அவங்கள் ஓடினவங்கள். ரெண்டு பேரும் நிண்டிருந்தா ரெண்டு பேருக்கும்தான் வெட்டு விழுந்திருக்கும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மலர் என் பக்கத்தில் இருந்தாள். வெக்ஸ்போர்ட் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள், இறங்கும் நேரம் சொன்னாள்: "அந்த வகுப்பைத் தமிழில எடுக்க ஒரு ஆள் இருந்தா நல்லதுதான். வேலையை இப்ப விடாதேங்கோ."

இரண்டு கதவு

தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை குலம் அண்ணை கடையைத் திரும்பத் திறந்தார். லண்டன் கதை அத்தோடு நின்றது. வாசலில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு கதவு போட்டிருந்தார். முதல் கதவால் யாரும் வரலாம். இரண்டாவது கண்ணாடிக் கதவு, உள்ளே இருக்கிறவர் பட்டனை அமத்தினால்தான் திறக்கும். வசந்தியக்கா கிளப்பில் சேர்ந்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பின் பிஸ்டலிலேயே சுடுவார். எங்கள் கடையில் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றும் வாங்கவில்லை.

மலருக்கு ஒரு தோடு எடுக்க நாங்கள் போயிருந்தபோது, முதல் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பெடியள் வந்து நின்றார்கள். தொப்பிச் சட்டை, கையிரண்டும் பொக்கற்றுக்குள். வசந்தியக்கா தோட்டுத் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தார். குலம் அண்ணை எழும்பி, கண்ணாடிக்குக் கிட்டப் போய் அவர்களின் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றும்படி கையால் காட்டினார். அவர்கள் கழற்றினார்கள். பதினெட்டுப் பத்தொன்பது வயது இருக்கும், குளிரில் மூக்குச் சிவந்து போயிருந்தது. ஒருவன் பொக்கற்றில் இருந்து நூல் துண்டு ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டி, கண்ணாடிக்கு வெளியே இருந்தபடி "அங்கிள், அம்மாக்கு பேர்த்டே, ஒரு றிங் வேணும்" என்றான்.

குலம் அண்ணை ஒரு கணம் யோசித்தார். பிறகு திரும்பி வந்து பட்டனை அமத்தினார்.

"வாங்கோ தம்பியவை, உள்ளுக்கு வாங்கோ. உந்த நூல் அம்மான்ர எந்த விரலின்ர அளவு?"

ஏழு வருஷம் துவக்குக் கடைக் கவுண்டரில் நின்று நான் கண்டது என்னவென்றால், கோட்டுப் பைக்குள் பிஸ்டல் கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தேவைப்படுவது ஒரு நல்ல கதவும் பக்கத்தில் நிற்க ஒரு மனுசரும்தான், அந்த இரண்டையும் எங்கள் கடையில் ஒருநாளும் விற்றதில்லை.