ஏற்றத்தில் நின்றுபோன வண்டி

எனக்கு ஒரு மச்சான், தங்கையின் கணவர். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். "எந்த மச்சான் எந்த மச்சானக் கூப்புடறது?" என்று தங்கை அடுப்படியிலிருந்து கத்துவாள். மந்தாரக்குப்பத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் டம்பர் லாரி ஓட்டினார். அதே காண்ட்ராக்டரின் ஒர்க்‌ஷாப்பில் நான் மெக்கானிக். இப்போது நான் மட்டும்தான் இங்கே இருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ குடியிருக்கிறார்கள், சத்தமாக டிவி பார்க்கிறார்கள்.

எல்லாம் ஒரு சென்சாரால் வந்தது. பாழாய்ப்போன சென்சார்.

டீசல் எஞ்சின் வெளியே விடும் புகையில் கொஞ்சத்தை மறுபடி அதற்குள்ளேயே அனுப்புகிறார்கள், காற்று ரொம்பக் கெடாமல் இருக்க. ஈஜிஆர் என்போம். எவ்வளவு புகை திரும்பிப் போகிறது என்று ஒரு சென்சார் அளந்து எஞ்சினின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது தாறுமாறாகச் சொன்னால் கம்ப்யூட்டர் பயந்துபோய் இழுவையைக் குறைத்துவிடும், மஞ்சள் விளக்கு எரியும். சமதரையில் எப்படியோ சமாளிக்கலாம். நிலக்கரியை மூடிக் கிடக்கும் மேல்மண்ணை ஏற்றிக்கொண்டு பள்ளத்திலிருந்து மேலே வருகிற டம்பர் பாதி ஏற்றத்தில் நின்றுவிடும். பின்னால் வரும் அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்கும்.

மச்சானின் வண்டி அப்படி நின்றது. மறுபடியும் நின்றது. அதுவும் அவருடைய ஷிஃப்டில் மட்டும். பிள்ளைகளைக் காலையில் பள்ளியில் விட வேண்டும் என்று அவராகக் கேட்டு வாங்கிய மதிய ஷிஃப்ட் அது. காலை ஆளும் இரவு ஆளும் அதே வண்டியை ஒரு குறையும் சொல்லாமல் ஓட்டினார்கள். சூப்பர்வைசர் ஜீப்பில் வந்து சேர்வதற்குள் வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஏறும்.

"வண்டில கோளாறா, ஆளுகிட்ட கோளாறா? நீயே சொல்லு," என்றார் சூப்பர்வைசர் என்னிடம். "இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா உங்க மச்சான வர வேணாம்னுடுவேன். அப்பறம் என்கிட்ட வந்து நிக்காத."

லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். கோளாறு வந்திருந்தால் அதன் எண், நாங்கள் கோடு என்போம், கம்ப்யூட்டரின் நினைவில் கிடக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. சென்சாரைக் கழற்றிக் கரியைத் துடைத்தேன், குழாயை ஊதினேன், வயரை மீட்டர் வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது எல்லாம் யோக்கியமாகத்தான் இருக்கும், சூட்டில்தான் அதன் குணம் தெரியும். ஒரு மதியம் வண்டியை என்னிடம் விடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன். கோடு இல்லாத வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும் என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

மச்சானைக் கேட்டேன்.

"லைட்டு எரிஞ்சுதா மச்சான்?"

"எரியலையே மச்சான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துகினுதான இருக்கேன். எரியல."

நோன்பு மாதத்தில், அனல் பறக்கும் டம்பர் கேபினில், யாரும் பார்க்காத இடத்தில்கூட ஒரு வாய் தண்ணீர் குடிக்காத மனிதர். அவர் எரியவில்லை என்றால் எரியவில்லைதான். நான் நம்பினேன்.

வண்டி மறுபடியும் நின்றது. அன்று வீட்டுக்கு வந்தவர் டிபன் பாக்ஸைத் தங்கையிடம் கொடுத்து, "நாளைக்கு சோறு கட்ட வேணாம்," என்றாராம்.

அவர் இடத்துக்குக் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே ஏற்றம், அதே மதியம், வண்டி நின்றது. அந்த மனுஷன் வண்டியை வண்டி வண்டியாகத் திட்டிவிட்டு, விளக்கை எரிய எரிய விட்டு, இறங்கிப் போய் நிழலில் உட்கார்ந்துவிட்டார். நான் போய் லேப்டாப்பை மாட்டிய உடனே கோடு முகத்தில் அடித்தது: சென்சார் வயரில் ஷார்ட். சென்சார் நல்ல சென்சார். அதற்குப் போகும் வயரைப் பிடித்திருந்த கிளிப் உடைந்து, வயர் சூடான குழாயின் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாய்ந்து, மேல்தோல் உருகியிருந்தது. மதிய வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து, ஏற்றத்தின் உதறலில் உள்ளே இருக்கும் கம்பி இரும்பைத் தொடும், சென்சார் சொல்வது தாறுமாறாகும். கொஞ்சம் ஆறினால் விலகிக்கொள்ளும். டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டேன்.

அல்லாவே, எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம்! கைக் கரியைக்கூடக் கழுவாமல் தங்கை வீட்டுக்கு ஓடினேன்.

"கெடச்சிடுச்சு மச்சான்! வண்டிதான்! உங்க மேல ஒண்ணுமே இல்ல!"

அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அலமாரியில் துணிக்குப் பின்னாலிருந்து கையடக்கமான ஒரு ஸ்கேனரை எடுத்து வந்தார். கோடுகளைப் படிக்கவும் செய்யும், அழிக்கவும் செய்யும்.

"லைட்டு எரிஞ்சுது மச்சான். எல்லா வாட்டியும் எரிஞ்சுது. ஜீப்பு வரதுக்குள்ள இத மாட்டி நான்தான் அழிச்சிகினு இருந்தேன்."

"ஏன்?"

"அந்த வண்டிக்கு ஈஜிஆர் வால்வு மாத்துனது நீதான. லைட்டு எரிஞ்சா மொதல்ல உன் பேருதான் அடிபடும். ஒழுங்கா மாட்டலன்னுவாங்க. இப்பதான் உன்ன ஃபோர்மேன் ஆக்கப் போறதா பேசிகினு இருக்காங்க. அதக் கெடுக்கணுமா?"

என் கை ஓங்கியேவிட்டது. தங்கை வீட்டுக்காரராகப் போனார், தப்பித்தார். அவர் குற்றமில்லை என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த மஞ்சள் விளக்கு. அதை என் பேருக்காக அவர் கையாலேயே ஒவ்வொரு முறையும் அணைத்திருக்கிறார். நானோ அதையே ராத்திரி பகலாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

தங்கைதான் வெடித்தாள். "ஒரே தட்டுல திங்கிறீங்க, ஒரே பைக்குல போறீங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் வாயத் தொறந்து இத ஒரு வார்த்த சொல்லிக்கக் கூடாதா? ரெண்டு நல்லவங்க சேந்து என் குடும்பத்த நடுத்தெருவுல விட்டீங்களே!"

மச்சான் ஸ்கேனரைத் திரும்பத் துணிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

சூப்பர்வைசரிடம் உருகிய வயரைக் கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஒத்துக்கறேன்பா, வண்டிதான். ஆனா இப்ப சீட்டுல ஒரு ஆள் இருக்காரே. அவர என்ன சொல்லி எறக்கறது? அவருக்கும் புள்ள குட்டி இருக்கு," என்றார். அந்தக் குறிஞ்சிப்பாடிக்காரர் செய்த பாவம் விளக்கை அணைக்காமல் விட்டது ஒன்றுதான். நான் வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மச்சான் ஓசூர்ப் பக்கம் ஒரு கல்குவாரிக்குப் போய்விட்டார். பள்ளிக்கூட லீவில் குடும்பத்தையும் கூட்டிப்போனார். ஃபோர்மேன் நாற்காலி எனக்குக் கிடைத்தது. அதில் உட்காரும்போதெல்லாம் தங்கையின் குரல்தான் கேட்கிறது.

போன வாரம் மச்சான் போன் செய்தார்.

"இங்க ஒரு வண்டில மஞ்சள் லைட்டு எரியுது மச்சான்."

"எரியட்டும். தொடாதீங்க. அந்த ஊரு மெக்கானிக் வந்து பாக்கட்டும்."

பின்னால் கல் உடைக்கிற சத்தம் கேட்டது.

"அவன் பாவம் மச்சான்," என்றார். "புதுசா வேலைக்கு வந்தவன்."