ஆற்று மாதாவைத் தேடிப்போன அனஸ்ரேசியா மச்சாள்

ஒஸ்லோவில் கத்தோலிக்கத் தமிழர் கூடுகிற இடங்களில் இப்போது ஒரு கதை உலாவுகிறது. சீனாவில், யாங்சி ஆற்றின் நடுவில், கப்பலின் மேல்தளத்தில் வைத்து என் மச்சாள் அனஸ்ரேசியாவுக்கு மாதா காட்சி கொடுத்தாராம். பூசை முடிந்து வெளியே வந்தால் சிலர் மச்சாளின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் ஒருவர் மூட்டு வலிக்கு அந்தக் கையை வைத்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்தக் கப்பலில் மச்சாளுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றவள் நான். நடந்ததை எழுதட்டுமா என்று மச்சாளிடம் கேட்டேன். "எழுதும், எழுதும். ஜெயகுமாரி எங்கை வாசிக்கப் போறா?" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

மச்சாள் என் கணவர் செபஸ்ரியனின் அக்கா. ஊர்காவற்றுறையில் பிறந்து, கல்யாணம் கட்டி ஒஸ்லோவுக்கு வந்து, ட்வெய்ட்டாவில் ஒரு தொடர்மாடியில் குடியேறியவர். நகரத்துக்குள் ஒரு சீன உணவகத்தில் பாத்திரம் கழுவினார். நானும் சில காலம் அதே குசினியில் இறால் உரித்தேன். அங்கே பாத்திரம் கழுவும் இயந்திரம் ஓயாமல் அலறும். அதற்கு மேலாகக் கத்தினால்தான் உப்பு எங்கே இருக்கிறது என்றே கேட்கலாம். அப்படி வளர்ந்ததுதான் மச்சாளின் குரல். பிற்காலத்தில் கோயிலில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் இது பரிசுத்த ஆவியின் கொடை என்று சொல்லி அவரைச் செபமாலைக் குழுவுக்குத் தலைவியாக்கினார்கள். அந்தக் கொடை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த உணவகத்தில், குசினிக் கதவுக்குப் பக்கத்தில், பின்னால் விளக்கு எரிகிற ஒரு படம் தொங்கியது. இரண்டு பக்கமும் செங்குத்தான மலைகள், நடுவில் பச்சை ஆறு, ஆற்றில் ஒரு சின்னப் படகு. ஒரு மலை உச்சியில் பெண் நிற்பது மாதிரி ஒரு கல். சுவிச்சைப் போட்டால் ஆறு ஓடுவது போலத் தெரியும். வேலைக்கு வந்ததும் மச்சாளின் முதல் வேலை ஆற்றை ஓடவிடுவது. வீட்டுக்குப் போகும்போது கடைசி வேலை ஆற்றை நிறுத்துவது. இடையில் வாளியோடு போகும்போதும் வரும்போதும் அதை ஒருதரம் நின்று பார்ப்பார். இதெல்லாம் படம் கீறினவனின் கற்பனை என்று நான் ஒருநாள் சொன்னது முதலாளியின் காதில் விழுந்துவிட்டது. அது உண்மையான இடம், தானே கப்பலில் போய்ப் பார்த்த இடம் என்று மனுசன் கோபித்துக்கொண்டார். அன்றைக்குப் பிடித்தது மச்சாளுக்குப் பைத்தியம். "ஒருநாளைக்கு உந்த ஆத்தை நேரிலை பாக்கோணும், யோசெப்பின்," என்று என்னிடம் மட்டும் சொல்வார். வேறு எந்த ஆசையையும் அவர் வாயால் நான் கேட்டதில்லை.

அவருடைய கணவரின் கணக்கில், வீட்டை விட்டு வெளிக்கிடுவது என்றால் வேலைக்கு, கோயிலுக்கு, கடைக்கு. அவர் கண்ணை மூடிய பிறகுதான் மச்சாள் பயணம் போகத் தொடங்கினார். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. புருசன் இல்லாத பொம்பிளை மாதாவைப் பார்க்கப் போனால் அது யாத்திரை. வேறு எதைப் பார்க்கப் போனாலும் ஊர் சுற்றல். ஆகவே மச்சாள் லூர்து போனார், பத்திமா போனார், திரும்பவும் லூர்து போனார். இத்தனை வருடம் நோர்வேயில் இருந்தும் மலைகளுக்கு நடுவில் கடல் புகுந்து கிடக்கும் ஒரு பியோர்ட்டை அவர் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. பாவம் இந்தப் பியோர்ட்டுகள், ஒன்றில்கூட மாதா காட்சி கொடுக்கவில்லை.

பென்ஷன் எடுத்த வருடம், பூசைக்குப் பிறகு கோப்பி குடிக்கும் மண்டபத்தில் வைத்து, "நான் சீனாவுக்குப் போகப்போறன்," என்று மச்சாள் சொன்னார். முதலில் வாய் திறந்தவர் ஜெயகுமாரி. பியோர்ண்டாலில் இருப்பவர், செபமாலைக் குழுவில் மச்சாளுக்கு அடுத்த இடம். அடுத்த இடத்தில் இருப்பது அவருக்குச் சந்தோசமில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

"சீனாவிலை உங்களுக்கு என்ன அலுவல்?"

மச்சாள் தடுமாறினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்குச் சின்னப் பொய் வராது.

"அங்கை மலையிலை ஒரு மாதா நிக்கிறா."

"எந்த மாதா?"

"ஆத்து மாதா."

எனக்குக் கோப்பி புரைக்கேறிவிட்டது. குசினிக் கதவடியில் இருந்த கல்லை மச்சாள் ஒரே மூச்சில் மாதாவாக்கிவிட்டார். இதோடு எல்லாரும் வாயை மூடுவார்கள் என்று நினைத்தாராம். ஜெயகுமாரியோ, "அப்ப நாங்களும் வாறம்," என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதிக் குழு பெயர் கொடுத்துவிட்டது. நீலத் துணியில் கொடியும் தைத்தாயிற்று. நாங்கள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் போய்வர இருந்த பயணம் யாத்திரையாகிவிட்டது. செபஸ்ரியன் மட்டும் வரவில்லை. "மலையும் தண்ணியும் இஞ்சை இல்லையோ?" என்று கேட்டார். உண்மையில் அவருக்குத் தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் இருந்தது.

சொங்சிங் என்ற ஊரில் கப்பல் ஏறினோம். ட்வெய்ட்டாத் தொடர்மாடி ஒன்றைச் சரித்துத் தண்ணீரில் விட்டால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு கப்பல். எங்கள் பெண்கள் காலை நூடில்ஸில், போத்தலில் கொண்டுவந்த உறைப்பான மாசிச் சம்பலைப் போட்டுப் பிசைந்ததைச் சமையல்காரர் வெளியே வந்து பார்த்தார். கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு தண்ணீர் தேடி உள்ளே ஓடினார். வழிகாட்டியாக வந்த சீனப் பிள்ளை தன்னை லில்லி என்று கூப்பிடச் சொன்னாள். ஜெயகுமாரி அவளைப் பிடித்து, மலையில் நிற்கும் அம்மாவைப் பற்றி ஆங்கிலத்தில் விசாரித்தார். ஓம், ஒரு தேவதை கல்லாக நிற்கிறாள், ஆபத்தான இடத்தில் படகுகளுக்கு வழி காட்டியவள் என்று அந்தப் பிள்ளை தன் ஊர்க் கதையைச் சொன்னாள். மச்சாளுக்கு உயிர் வந்தது. ஜெயகுமாரிக்கு உடம்பு புல்லரித்தது. "பாத்தீங்களோ, கடலோடியளைக் காக்கிற மாதாதான்! இவையளுக்கு ஆரெண்டு விளங்கேல்லை," என்றார். லில்லி இன்னொன்றும் சொன்னாள். அந்த மலையிடுக்கில் அநேகமாகப் பனிமூட்டம் போலப் புகார் மூடியிருக்கும், புகார் விலகினாலும் கப்பல் கொஞ்ச நேரத்தில் கடந்துவிடும்.

மலையிடுக்குக்குள் போகிற அன்று காலை மச்சாள் சாப்பாட்டைத் தொடவில்லை.

"யோசெப்பின், அவையள் என்னைச் செபமாலை சொல்லச் சொல்லப் போகினம்."

"சொல்லுங்கோவன். நெடுகவும் சொல்லுறதுதானே."

"கண்ணை மூடிக்கொண்டெல்லோ சொல்லோணும். செபமாலை முடிய மலையும் முடிஞ்சிடும்."

கண்ணை மூடும் சட்டத்தைக் குழுவில் போட்டதே மச்சாள்தான். கண் திறந்திருந்தால் பராக்கு வருமாம், மனம் அலையுமாம். செபத்தில் பராக்குப் பார்த்தவர்களை அவர் சும்மா விட்டதில்லை. போன தவக்காலத்தில் ஜெயகுமாரி கைத்தொலைபேசியை எட்டிப் பார்த்தபோது, எல்லார் முன்னாலும் ஏசி அழவைத்தவர். இப்போது தானே கண்ணைத் திறந்து மலை பார்த்தால் ஜெயகுமாரி விடுவாரா? "பிறகு எனக்கு அந்தக் கோயிலிலை என்ன மரியாதை இருக்கு?" என்று கேட்டுவிட்டு மச்சாள் அழத் தொடங்கினார். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. தானே வைத்த பொறியில் தானே போய் விழுந்தால் யார் என்ன செய்வது? ஆனால் அழுகிற அந்த முகத்தைப் பார்க்க, வாளியோடு கதவடியில் நின்ற முகம் ஞாபகம் வந்துவிட்டது.

மேல்தளத்துக்குப் போனோம். இரண்டு பக்கமும் வெள்ளைப் புகார், வேறு ஒன்றும் தெரியவில்லை. லில்லி, இந்த இடம்தான் என்று கையைக் காட்டினாள். எங்கள் பெண்கள் கொடியை விரித்து, முழங்காலில் நின்றார்கள். மெழுகுதிரி காற்றில் பற்றவில்லை. மற்றப் பயணிகள் மலை தெரியாத கவலையில் எங்களைப் படம் எடுத்தார்கள். "தொடங்குங்கோ அக்கா," என்றார் ஜெயகுமாரி. எல்லாரும் கண்ணை மூடினார்கள். மச்சாளும் மூடினார். அந்தப் பெரிய குரல் ஆற்றின் மேல் எழுந்தது, நாங்கள் மறுமொழி சொன்னோம்.

செபமாலையின் இரண்டாம் பத்து மணியின் நடுவில் குரல் நின்றுவிட்டது.

நான் கண்ணைத் திறந்தேன். என் பக்கத்தில் மச்சாள் இல்லை. எனக்குப் பின்னால், தளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புகார் விலகி வெயில் விழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் எதிரே முழங்காலில் நின்றவர்களின் முகங்கள் திடீரென்று வெளிச்சமாயின. அதிலே ஜெயகுமாரியின் இமை ஆடத் தொடங்கியதைக் கண்டேன்.

பிறகு நான் செய்ததை என் கணவர் இன்றுவரை நம்பவில்லை. "கண்ணை மூடுங்கோ! பராக்கு வரும்!" என்று ஒரு சத்தம் போட்டேன். இமை மூடியது. விட்ட இடத்திலிருந்து செபமாலையை நான் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் முதல் நன்மை எடுத்த காலத்துக்குப் பிறகு நான் செபமாலை சொல்லிக் கொடுத்ததே இல்லை. பூசையில் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து மத்தியானச் சமையலைப் பற்றி யோசிப்பவள். எந்த நாளுக்கு எந்தத் தேவ இரகசியம் என்று தெரியாமல் துக்கத்தையும் மகிமையையும் கலந்து அடித்தேன். பத்து மணி எத்தனையோ மணியானது. ஒருவரும் மறுக்கவில்லை, மறுப்பதென்றால் கண்ணைத் திறக்க வேண்டும்.

செபமாலை முடிந்தும் மச்சாள் அசையவில்லை. நான் மாதாவைப் பட்டம் பட்டமாகச் சொல்லிக் கூப்பிடும் பிரார்த்தனையைத் தொடங்கினேன். மாதாவின் பட்டங்களில் எனக்குத் தெரிந்தவை சீக்கிரம் தீர்ந்துபோயின. ஆகவே சொந்தமாகக் கட்டினேன்.

"புகாரிலை நிக்கிற மாதாவே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றார்கள் எல்லாரும்.

"இறால் உரிக்கிற ஆக்களின்ரை நம்பிக்கையே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"பாத்திரம் கழுவுற கையளுக்கு ஆறுதலே!"

அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அவர்களுக்கு அது பக்தியாகக் கேட்டிருக்கும். இவ்வளவு நேரமும் என் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் ஜெயகுமாரியின் இமையை விட்டு அங்கே இங்கே போகவில்லை. சீனாவுக்குப் போய், பேர் பெற்ற மலையிடுக்கில், நான் பார்த்தது அந்த இமையைத்தான். எதிரே முகங்களில் வெளிச்சம் மங்கியது. அப்போதுதான் சிலுவை அடையாளம் போட்டேன்.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். திரும்பவும் புகார்.

"எங்கை மாதா?" என்று கேட்டார் ஜெயகுமாரி.

மச்சாள் கம்பியடியிலிருந்து திரும்பினார். கன்னம் முழுக்கக் கண்ணீர். ஜெயகுமாரி அந்த முகத்தைப் பார்த்தார். ஏசப் போகிறார் என்று நான் பயந்தேன். அவரோ ஓடிப்போய் மச்சாளின் கையைப் பிடித்து முத்தமிட்டார். "உங்களுக்கு மாதா காட்சி குடுத்திட்டா, அக்கா. எங்களுக்குக் குடுத்துவைக்கேல்லை," என்று விம்மினார். நாங்கள் ஒஸ்லோவுக்கு வந்து சேர முதலே கதை வந்து சேர்ந்துவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் எழும்பிப் போனபிறகு மச்சாளைப் பிடித்தேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. அந்தக் கல்லைக் கண்டீங்களோ?"

"கல்லோ?" மச்சாள் யோசித்தார். "மேலை பாக்க மறந்து போனன்."

"அப்ப என்னத்தைப் பாத்து அழுதனீங்கள்?"

"தண்ணியை," என்றார். பெருவிரலில் ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது தன்பாட்டிலை ஓடுது, யோசெப்பின். ஒருத்தரும் சுவிச்சைப் போடேல்லை. நான் வீட்டை போனாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்."

பிறகு சம்பல் போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டு, பசிக்கிறது என்று இன்னொரு கோப்பை சோறு போட்டுக்கொண்டார்.