சர்க்கார் ஜன்னல்

என் நாத்தனாருக்கு இந்த நகரம் வைத்திருக்கும் பெயர் டேப்பம்மா. நகராட்சியின் கட்டடப் பிரிவில் அவள் ஆய்வாளர்; எஃகு அளவு நாடா இல்லாமல் வெளியே போகமாட்டாள். தையற்கடை வைத்திருக்கும் என் மகளின் கழுத்தில் துணி அளக்கும் நாடா எந்நேரமும் தொங்கும். "வீட்டுல ரெண்டு டேப்பு இருக்கு, பேச்சை அளக்கத்தான் ஒண்ணும் இல்லை" என்று என் கணவர் தம் தங்கையையும் மகளையும் சேர்த்தே கேலி செய்வார்.

நாத்தனார் திருமணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும் மனிதர்களை நலம் விசாரிப்பதற்கு முன்பு சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும், பள்ளிச் சீருடையோடு, எங்கள் கூடத்துச் சுவரைத் தட்டிக்கொண்டு நின்றாள். "இதுக்குள்ள இருந்து எது சத்தம் போடுது?" என்று என் தந்தையாரைக் கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் இன்றுவரை விடவில்லை.

எங்கள் நகரத்துக்கு மேற்கே ஆழமில்லாத உப்பு ஏரி ஒன்று பரந்து கிடக்கிறது. கோடையில் பாதிக்குமேல் வற்றி வெளுத்துவிடும். பிற்பகல்தோறும் அதன்மேல் புரண்டு வரும் காற்று உப்புத்தூளை வாரிக்கொண்டு ஊருக்குள் நுழையும். பூட்டு, கீல், ஊசி என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை. தலைநகரம் அமைந்திருப்பதோ ஏரியும் இல்லாத, காற்றும் இல்லாத உள்நாட்டுச் சமவெளியில். அங்கே உட்கார்ந்து எழுதப்பட்ட மாநிலக் கட்டட விதி, ஒவ்வொரு வீட்டிலும் எதிரெதிர்ச் சுவர்களில் திறந்து மூடும் ஜன்னல்கள் இருக்கவேண்டும் என்கிறது. ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேற வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் எங்கள் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்பவை. வடக்கிலும் தெற்கிலும் அண்டை வீட்டுச் சுவர்கள். எதிரெதிராக எஞ்சுவன கிழக்கும் மேற்கும் மட்டுமே.

ஆகவே, வீடு கட்டுகிறவர்கள் மேற்கில் ஒரு ஜன்னலை வைப்பார்கள். ஆய்வாளர் வந்து அளப்பார்; நிறைவுச் சான்றிதழ் கைக்கு வரும்; அதைக் காட்டினால் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைக்கும். அதன்பிறகு கொத்தனார் வந்து அந்த ஜன்னலைப் பெயர்த்தெடுத்து, செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டுப் போவார். அதற்குச் சர்க்கார் ஜன்னல் என்று பெயர். புதுவீட்டுக்குப் போனவர்களைத் தெருவில் பார்த்தால், "என்ன, சர்க்கார் ஜன்னலை மூடியாச்சா?" என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.

நாத்தனார் நெடுங்காலம் குடிநீர்ப் பிரிவில் இருந்துவிட்டுக் கட்டடப் பிரிவுக்கு மாறியவள். ஊர்ப்பேச்சு அவள் காதிலும் விழுந்திருக்கிறது. எங்கோ ஓரிருவர் செய்கிறார்கள் என்று எண்ணியிருந்தாள். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் பின்தெரு வழியாக அலுவலகத்துக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். நனைந்த மேற்குச் சுவர்கள் உலர்ந்துகொண்டிருந்தன. சுவரெல்லாம் வெளுத்தபின்னும், பிற்பாடு அடைத்த செங்கல்லின் மேல் ஈரம் தங்கி, வீட்டுக்கு ஒரு கருஞ்சதுரம் தெரிந்தது. தான் கையெழுத்திட்ட ஜன்னல்கள் வரிசையாக நின்று தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது என்று அன்று மாலை என்னிடம் சொன்னாள். கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "கோபம் எதுக்கு அண்ணி? இத்தனை பேரு ஒரே மாதிரி தப்பு பண்றாங்கன்னா அதுல ஏதோ இருக்கு" என்றாள்.

மறுநாளே ஜன்னல் அடைக்கும் கொத்தனாரைத் தேடிப் போனாள். இந்தத் தொழிலால் அவருக்கு ஊரில் மூடி என்று பெயர்.

"என்னண்ணே, நான் பாஸ் பண்ணின ஜன்னலையெல்லாம் நீங்க முழுங்கிட்டீங்களாமே?"

"நான் எங்கம்மா முழுங்கறேன்? உப்பு முழுங்குது. மிச்சம் வெச்ச எலும்பைத்தான் நான் அள்ளிட்டு வர்றேன்."

"சாத்தி வெச்சுக்கலாமே?"

"சாத்தியே வைக்கறதுக்கு ஜன்னல் எதுக்கு? முதல்ல கீல் துருப்பிடிக்கும். அப்புறம் சட்டம் ஊதிக்கும். அப்புறம் சந்து வழியா தூள் வந்து சோத்துல விழும். அப்புறம் என்னைக் கூப்பிடுவாங்க. இப்பல்லாம் ஜனங்க புத்திசாலி ஆயிட்டாங்க, நேரா என்னைத்தான் கூப்பிடறாங்க."

"சரி, அடைச்சுட்டா உள்ள காத்து?"

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "அதை வீட்டுக்காரங்களைத்தான் கேக்கணும். நான் வெளியில நின்னு பூசறவன்."

அவள் வீட்டுக்காரர்களையும் கேட்டாள். பீரோவில் துணிகள் பூஞ்சை பிடிக்கின்றன, குழந்தைகளுக்கு இருமல் ஓய்வதில்லை என்றார்கள். விதி கேட்ட சுவர் தவறு. விதி கேட்ட காற்று தவறில்லை. இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதே அவளை அரித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் என் மகளின் வீடு எழும்பியது. முன்னறையில் தையற்கடை, பின்னால் குடித்தனம் என்பது அவள் திட்டம். வாடகைக் கடையின் சொந்தக்காரர் மழைக்காலத்துக்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். மேற்கு ஜன்னலை மட்டும் வைக்கவே மாட்டேன் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். துருவேறிய ஊசி ஒரு தையல் போட்டால் வெள்ளைத் துணியில் காவிப் புள்ளி விழும். துணி போனால் வாடிக்கையும் போகும். அதற்காக மூச்சு முட்டும் வீட்டிலும் அவளால் இருக்க முடியாது. அவளும் மூடியும் தரையில் கரிக்கோடு போட்டுப் போட்டு அழித்து, கடைசியில் பின்னறைக் கூரையின்மேல் ஒரு கூண்டு எழுப்பினார்கள். பார்ப்பதற்குப் புகைக்கூண்டு போலிருக்கும். அதன் வாய் மட்டும் ஏரிக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே திறந்திருக்கும். கூரைக்கு மேலே ஓடும் மேற்குக் காற்று அந்த வாயைக் கடக்கும்போது உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி இழுக்கும். கிழக்கு ஜன்னல்கள் வழியாகப் புதுக்காற்று வரும்.

உறவினர் வீடு என்பதால் நாத்தனார் கோப்பைச் சக ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டாள். அவர் வந்தார், பார்த்தார், சான்றிதழ் தர முடியாது என்று எழுதினார். போகும்போது வாசலில் நின்று, "ஒரு சர்க்கார் ஜன்னலை வெச்சிடும்மா. ஒரு வாரம்தான். உங்க அத்தைக்குத் தெரியாததா?" என்று மகளிடம் இரக்கத்தோடு சொன்னார்.

அன்று சாப்பாட்டு மேசையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"வைக்கட்டுமே, அத்தனை பேரும் வைக்கலையா?" என்று நானும் கேட்டேன்.

"வைக்கலாம் அண்ணி. ஃபைல்ல இன்னொரு ஜன்னல் ஏறும். தலைநகர்ல எடுத்துப் பார்ப்பாங்க. ஆஹா, அந்த ஊர்ல விதி என்ன அழகா நடக்குதுன்னு ஃபைலை மூடி வைப்பாங்க. நாம வைக்கற ஒவ்வொரு பொய் ஜன்னலும் அந்த விதிக்கு முட்டுக் கொடுக்குது."

"அத்தை, உங்க விதியைத் திருத்தறதுக்குள்ள என் மிஷினெல்லாம் தெருவுல நிக்கும்" என்றாள் மகள்.

"நிக்காது. நிக்க விடமாட்டேன்."

"எழுதிக் குடுங்க. டேப்பு வெச்சு அளந்து எழுதிக் குடுங்க."

மாநில விதிகளின் கடைசிப் பகுதியில் ஒரு வாசல் உண்டு. மண்ணோ காற்றோ நீரோ ஒரு நகரத்தில் வேறுபட்டிருந்தால், அதை மெய்ப்பித்து, விதியின் நோக்கம் குறையாத மாற்று வழியையும் காட்டினால், நகராட்சி தன் எல்லைக்குள் விதியை மாற்றிக்கொள்ளலாம். நகராட்சியின் பெயரால் நாத்தனார் விண்ணப்பம் எழுதினாள். தலைநகரிலிருந்து பதில் வந்தது: பதிவுகளின்படி அந்நகரத்தின் எல்லா வீடுகளிலும் மேற்கு ஜன்னல் உள்ளது, எவரும் இடர்ப்பட்டதாகத் தெரியவில்லை, எனினும் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார்.

ஜன்னலை அடைத்தவர்கள் சாட்சி சொன்னால் போதும் என்று அவள் வீடு வீடாகப் போனாள். அடைத்தது குற்றம் ஆயிற்றே, யார் வாய் திறப்பார்கள்? "எங்க வீட்டுலயா? நாங்க வர்றதுக்கு முன்னாடியே இப்படித்தாங்க இருந்துச்சு" என்றார்கள், தாமே கட்டிக் குடியேறியவர்கள்கூட. பொறியாளர் வரப்போகிறார் என்ற செய்தி பரவியதும் அடைத்த இடம் தெரியாதபடி ஊரே மேற்குச் சுவர்களுக்கு வண்ணம் பூசத் தொடங்கியது. மூடிக்கு மூச்சுவிட நேரமில்லை. "உங்க புண்ணியத்துல நல்ல வேலைம்மா" என்று அவளிடமே சொன்னார்.

பொறியாளர் வந்த அன்று, நாத்தனாருக்குப் பகலுணவைக் கொடுக்க நான் நகராட்சிக் குடியிருப்புப் பக்கம் போயிருந்தேன். ஒல்லியான மனிதர், வெயிலுக்குக் குடை பிடித்து நின்றார். நாத்தனார் எந்த வீட்டுக்காரரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நகராட்சியே கட்டி, நகராட்சியே சான்றிதழ் கொடுத்த வீட்டின் மேற்குச் சுவரின்மீது, தோட்டக் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் குடியிருப்பவர் அவளுடைய மேலதிகாரி.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "யாரது, என் வீட்டுச் சுவத்துல? டேப்பம்மாவா? என்னம்மா இது?"

"கொஞ்சம் பொறுங்க சார். சுவர் காயட்டும்."

சுவர் காய்வதைப் பார்த்துக்கொண்டு நான்கு பேர் நின்றோம். பிற்பகல் காற்று எழுந்தது. விளிம்பிலிருந்து சுவர் மெல்ல வெளுத்தது. நடுவில் ஒரு சதுரம் மட்டும் வெளுக்க மறுத்துக் கறுப்பாக நின்றது. பொறியாளர் குடையை மடக்கி, அதன் நுனியால் சதுரத்தின் ஓரத்தை வருடினார்.

"இங்க ஒரு ஜன்னல் இருந்துச்சா?"

மேலதிகாரி தொண்டையைச் செருமினார். "நான் குடிவர்றதுக்கு முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். நாத்தனாரின் முகம் மட்டும் வெளிறியிருந்தது. மேலதிகாரி அவளை வேறு ஊருக்கு மாற்றக்கூடியவர்.

பொறியாளர் வீட்டுக்குள் போனார். போன வேகத்தில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார். "உங்க ஊர் காத்துக்கு இந்த விதி ஒத்துவரலைன்னு தெரியுது. ஆனா விதியை எடுத்துட்டா எல்லா வீடும் இப்படித்தான் நாறும். மாத்து என்ன வெச்சிருக்கீங்க?"

அவள் காத்திருந்த கேள்வி அதுவே. நேரே என் மகளின் புதுவீட்டுக்கு அழைத்துப் போனாள். மகள் நூற்கண்டிலிருந்து ஒரு முழம் நூலை அறுத்துப் பொறியாளரிடம் நீட்டினாள். கூண்டின் அடியில் அவர் நூலைத் தூக்கிப் பிடித்தார். நூலின் நுனி நெளிந்து மேலே எழுந்து, கூரையை நோக்கி விறைத்து நின்றது. அவர் கையை விட்டதும் நூல் கூண்டுக்குள் ஏறி மறைந்தது.

"இன்னொரு நூல் குடும்மா."

"எத்தனை வேணும்னாலும் தர்றேன் சார். பதிலுக்கு ஒரு கையெழுத்து போதும்."

"கையெழுத்து இன்னிக்குக் கிடையாது. நூல் குடு." ஒவ்வோர் அறையிலும் பிடித்துப் பார்த்தார். பின்னர் மூடியைக் கூப்பிட்டார். "காத்தே அடிக்காத நாள்ல என்ன பண்ணுவீங்க?"

"அன்னிக்கு உப்பும் பறக்காது சார். பின்கதவைத் திறந்து போட்டுக்கலாம்."

"மழை?"

மூடி என் மகளைப் பார்த்தார். மகள் அத்தையைப் பார்த்தாள். பொறியாளரே தம் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கூண்டின் வாய்க்கு மேல் மழைநீர் வழிந்தோட ஒரு சாய்ந்த இறவாணமும் பூச்சி புகாத வலையும் வரைந்து காட்டினார். நாத்தனார் நாடாவை இழுத்தாள். அவளும் மூடியும் பொறியாளரும் ஏணியின்மேல் ஏறி நின்று, பல ஆண்டுகள் பழகியவர்கள் போல் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

ஆணை வந்து சேர்வதற்குள் கடையின் கெடு முடிந்துவிட்டது. தையல் இயந்திரங்கள் எங்கள் கூடத்துக்கு வந்தன. அவற்றுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்துதான் நாங்கள் அடுப்படிக்குப் போனோம். "தெருவுல நிக்க விடமாட்டேன்னு சொன்னேன், நிக்கலை பாத்தியா?" என்று நாத்தனார் சொன்னபோது மகள் ஊசிப் பெட்டியைத் தூக்கி எறியப் போனாள்.

ஆணை ஒருவழியாக வந்தது. இந்நகரத்தில் மேற்கு ஜன்னலுக்கு மாற்றாக, கிழக்கே வாய் திறந்த காற்றுக்கூண்டு வைக்கலாம். முன்பே ஜன்னலை அடைத்தவர்களுக்கு அபராதம் இல்லை. ஆனால் அவர்களும் கூண்டு வைத்தாக வேண்டும். சக ஆய்வாளர் என் மகளின் வீட்டுக்கு மீண்டும் வந்து, நூல் பிடித்துப் பார்த்து, சான்றிதழில் கையெழுத்திட்டார். நாத்தனாரை யாரும் ஊர் மாற்றவில்லை. கூண்டு கட்ட மூடியை முதலில் கூப்பிட்டனுப்பியவர் மேலதிகாரிதான்.

மகளின் கடை இப்போது புதுவீட்டில் நடக்கிறது, ஊசிகள் பளபளக்கின்றன. சென்ற வாரம் அவள் கழுத்து நாடாவோடு வேகமாக வந்து வாசலிலேயே நின்றாள்.

"அத்தை, உங்க விதி விசில் அடிக்குது."

"என்னது?"

"மூணு மணி ஆனா கூண்டு விசில் அடிக்குது. எங்க வீடு மட்டும் இல்லை, அந்த வரிசையே அடிக்குது. துணி குடுக்க வர்றவங்க திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க."

நாத்தனார் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டுக் கை கழுவினாள். முகத்தில் கவலை இல்லை. பள்ளிச் சீருடையில் எங்கள் சுவரைத் தட்டியபோது இருந்த அதே பளிச்சிடல்.

"எல்லாம் ஒரே ஸ்வரத்துலயா அடிக்குது, வேற வேறயாவா?" என்று கேட்டுக்கொண்டே கைப்பையில் நாடா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.